தொரோங் கணவாயும் ஹபரணைச் சந்தியும்

காத்மாண்டு
2.9.1993

அண்ணருக்கு,

நான் இன்னும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் என்னை வழியனுப்பிய மாதிரி செத்தவீட்டில்கூட ஆட்களை அனுப்புவதில்லை. படலையடியில் நின்று, "போறவள் போகட்டும், எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்றீர்கள். மச்சாள் அழுதுகொண்டு நின்றா. பக்கத்து வீட்டு ஸெய்னுதீன் நானா சைக்கிளை நிறுத்திவைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். எங்கள் ஊர் உவர்மலை முழுக்க இப்போது தெரிந்திருக்கும்.

கோபத்தில் சொன்ன வாக்கை மறந்துவிட்டதுபோல் நடிக்க வேண்டாம். உங்கள் மகள் பூரணிக்குப் பேராதனையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "பொம்பிளைப் பிள்ளை தனியப் போய் இந்தச் சண்டை நேரத்தில சிங்கள ஊரில இருக்க ஏலாது" என்றீர்கள். ஏலும் என்றேன். "நீ ஒருக்காப் போய்க் காட்டன் பாப்பம்" என்றீர்கள். ஒரு நாய்க்குக்கூட என்னைத் தெரியாத நாட்டுக்குப் போய், மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு, தன்னந்தனியாக ஒரு மலையைக் கடந்து காட்டினால் பிள்ளையை விடுவீர்களா என்று கேட்டேன். "விடுறன்" என்றீர்கள். மச்சாள்தான் சாட்சி.

இருபது வருடத்துக்கு மேலாக இமயமலையைக் கரும்பலகையில் கீறிக் காட்டிய எனக்கு வேறு எந்த மலை வாய்க்கும்? அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. அதன் உச்சியில் தொரோங் கணவாய். உயரம் பதினேழாயிரத்துச் சொச்சம் அடி. அதைக் கடக்கப்போகிறேன். வயது நாற்பத்தேழு என்று நீங்கள் நினைவுபடுத்த வேண்டாம்.

இங்கே முதுகில் போடும் பையை வாடகைக்குத் தருகிறார்கள். ஆறு சேலை, மச்சாள் தந்த மிளகாய்த்தூள், குடை, தலையணை எல்லாவற்றையும் அடைத்து, கடை வாசலில் வைத்தே முதுகில் மாட்டினேன். அப்படியே பின்பக்கமாக விழுந்து, கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தேன். இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கே ஐந்து சேலையையும் தலையணையையும் விடுதிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு நீளக் காற்சட்டை வாங்கினேன். ஓம், காற்சட்டைதான். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

பொக்காரா தலைமைத் தபாற்கந்தோருக்கு என் பெயர் போட்டு எழுதினால் வைத்துத் தருவார்கள். எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பாக்கியம்


திருக்கோணமலை
14.9.1993

செல்வி பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

தங்கள் 2ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. பின்வருவனவற்றைக் கவனத்திற்கொள்ளவும்.

1. நான் கொடுத்த வாக்கு வாக்குத்தான். நிபந்தனை யாதெனில் கணவாயை முற்றாகக் கடக்க வேண்டும். பாதிவழி ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.

2. பூரணி ஒக்டோபர் 11ஆம் திகதி பேராதனையில் சேர வேண்டுமென அறிவித்தல் வந்துள்ளது. பிந்தினால் இடம் போய்விடும். எனவே கணவாய் கடந்த செய்தி அதற்கு முன் தந்தி மூலம் எனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிடில் இவ்விடயம் முடிவுற்றதாகக் கருதப்படும்.

3. காற்சட்டை விடயம் இவ்வீட்டுக்கு வெளியே எவருக்கும் தெரிவிக்கப்படவில்லை. உமது மச்சாள் நல்லம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தமைக்கு நான் பொறுப்பல்ல.

4. எனக்குப் பயம் என்று நீர் படலையடியில் சத்தம் போட்டீர். பத்து வருடமாக நான் கண்டி ரோட்டில் ஹபரணைச் சந்தியைத் தாண்டியதில்லை என்பது உண்மை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அந்த ரோட்டில் நான் கண்டவற்றை நீர் காணவில்லை. பெற்றவனுக்குத்தான் தெரியும்.

5. பிள்ளை சாப்பிடுவது குறைவு. என்னோடு கதைப்பதும் குறைவு. இதற்கு யார் காரணம் என்பதை நீரே யோசித்துக்கொள்ளவும்.

6. அங்கே குளிர் என்று ரேடியோவில் சொன்னார்கள். காதை மூடவும்.

இங்ஙனம்,
மு. சிவகுருநாதன்


பொக்காரா
25.9.1993

அண்ணருக்கு,

கந்தோர்க் கடிதம் கிடைத்தது. இலக்கம் போட்டுக் கோபிக்க உங்களைவிட்டால் அந்தத் துறைமுகக் கந்தோரில் வேறு ஆளில்லை. ஆறாம் இலக்கத்துக்கு மட்டும் நன்றி.

ஒக்டோபர் பதினொன்று என்று ஒரு கயிற்றைக் கழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நாளைக்கே நடக்கத் தொடங்குகிறேன். அதற்கு முன் நான் பட்ட சிரிப்பைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும்.

காத்மாண்டுவிலிருந்து இங்கே பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் மடியில் கோழியோடு ஒரு கிழவர். மத்தியானம்போல் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தடி, தடிக்குப் பக்கத்தில் ஒரு காக்கி உடுப்புக்காரன். பஸ் நின்றது. நான் என்ன செய்வேன்? ஊரில் ஆமிச் சாவடிகளில் செய்கிற மாதிரியே எழும்பினேன். மூட்டையை எடுத்தேன். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, ரோட்டோரமாக வரிசையில் நடந்தேன். வரிசை என்றால் நான் ஒருத்திதான். பின்னால் ஒருவரும் இறங்கவில்லை என்பதைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் எப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கிறோமா?

காக்கி உடுப்புக்காரனுக்கு முன்னால் போய் அட்டையை நீட்டினேன். வாங்கிப் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நல்லாயிருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டித் திருப்பித் தந்தான். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக நிலத்தில் பரப்பினேன். பாவம், நான் விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டான். டோர்ச் லைட்டைத் தூக்கி விலை கேட்டான். நான் எல்லாவற்றையும் அள்ளி அடைத்துக்கொண்டு தடிக்கு அப்பால் போய், வழமைபோல் பஸ் வந்து ஏற்றும் என்று மரத்தடியில் நின்றேன். பஸ் வந்தது. நிற்காமலே போய்விட்டது. கோழிக்காரக் கிழவர் ஜன்னலால் கையைக் காட்டினார்.

அது பாதைவரி வாங்கும் இடமாம், அண்ணா. மனிதரை இறக்குகிற இடமே இல்லையாம். பிறகு ஒரு உருளைக்கிழங்கு லொறியில், மூட்டைகளுக்கு மேல் இருந்துகொண்டு பொக்காரா வந்து சேர்ந்தேன்.

வந்தும் புத்தி வரவில்லை. கொழும்பில் தங்கும் தமிழருக்குச் செய்கிற மாதிரி விடுதிக்காரி என் பெயரைப் பொலிசில் பதியவேயில்லை. இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிந்ததும் நானே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பெரியவர் என்ன களவு போனது என்று இங்கிலீசில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். யாராவது தொந்தரவு செய்தார்களோ என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் வந்தனீங்கள்?" "நான் வந்திருக்கிறன் எண்டு சொல்ல வந்தனான்." அவர் எழும்பினார். பிறகு, நல்லது, வாருங்கள் என்று சொல்லிக் கதிரை போட்டுத் தேத்தண்ணி எடுப்பித்தார். பொலிசில் இருந்து தேத்தண்ணி குடித்தேன் என்று ஊரில் சொன்னால் ஆர் நம்புவார்கள்?

பூரணிக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சிரித்துக் கனகாலம்.

பாக்கியம்


மனாங்
8.10.1993

அண்ணா,

நான் தோற்றுப்போனேன்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி எப்படி என்பதைச் சொல்கிறேன். இரண்டு நாளில் நடக்கும் தூரத்தை ஒரு நாளில் நடந்தேன். இந்த ஊரில் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று விடுதிக்காரி கையைப் பிடித்துச் சொன்னாள். நான் பதினோராம் திகதியை நினைத்துக்கொண்டு ஓடினேன். கணவாய் ஏறத் தொடங்கியபோதே தலை பிளந்தது. சத்தி எடுத்தேன். பனியில் எங்கே கால் வைக்கிறேன் என்று தெரியவில்லை. வேறு ஆட்களின் மூட்டையோடு அந்த வழியால் வந்த ஒரு சுமைகாரரிடம் கணவாய் எங்கே என்று கேட்டேன். அந்த வெள்ளைக்குப் பின்னால் என்று காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, கீழே" என்றார். எனக்கு விளங்கிய ஒரே நேபாள வசனம் அதுதான். கீழே வந்துவிட்டேன்.

கடந்தேன் என்று எழுதினால் உங்களுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? நேற்று முழுக்க அந்த எண்ணம் வந்து வந்து போனது. ஆனால் பிள்ளையின் படிப்பைப் பொய்யில் தொடங்கிவைக்க எனக்கு மனமில்லை. தந்தி அடிக்கவும் இங்கே வழியில்லை. இந்தக் கடிதத்தைக் காத்மாண்டுவில் தபாலில் போடுவதாக ஒரு டச்சுக்காரன் வாங்கிக்கொண்டு போக நிற்கிறான். உங்கள் கைக்கு வரும்போது பதினொன்று போயிருக்கும்.

அண்ணா, ஏலாமல் போனது எனக்கு. அவளுக்கு இல்லை. ஒரு கிழட்டு வாத்தியாரின் தலையிடிக்காக ஒரு பிள்ளையின் இடத்தைப் போகவிடாதீர்கள். என் வாயால் வந்த வினை இது. நான் பந்தயம் பேசாமல், உங்கள் காலைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும்.

பொக்காராவுக்கு இறங்குகிறேன். விமானச் சீட்டு டிசம்பருக்குத்தான். அதுவரை அங்கே குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாக்கியம்


திருக்கோணமலை
15.10.1993

அன்பு பாக்கியம்,

உன்னிடமிருந்து தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை. கடந்தாயா, விழுந்தாயா, ஒன்றும் தெரியாமல் இதை எழுதுகிறேன். நல்லம்மா கோணேசருக்கு நேர்ந்துவைத்திருக்கிறாள்.

உன் 25ஆம் திகதிக் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். நீ பஸ்ஸால் இறங்கி நடந்த இடத்தில் நல்லம்மாவுக்குப் புரைக்கேறிவிட்டது. எனக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை. பூரணி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இதில சிரிக்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டாள். "தடி போட்டிருந்தால் இறங்கத்தானே வேணும்? மாமி சரியாத்தானே செய்தவ?"

உனக்கும் எனக்கும் தடி இல்லாத ரோட்டைத் தெரியும், பாக்கியம். அதனால்தான் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய உலகத்தை இந்த உவர்மலைக்கும் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கும் இடையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே நல்லம்மாவிடம் பெட்டியை அடுக்கச் சொன்னேன். உன் தந்திக்கு நான் காத்திருக்கவில்லை.

ஞாயிறு விடிய நானும் பூரணியும் பஸ் ஏறினோம். கந்தோரில் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டேன். ஹபரணைச் சந்தி வந்தபோது எனக்குப் பயம்தான். மறைக்கவில்லை. பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தி போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

இனி நீ சிரிக்க வேண்டிய இடம். எனக்குத் தெரிந்த சிங்களம் எது? முப்பது வருடத்துக்கு முன் கந்தோர்ச் சோதனைக்குப் படித்த சிங்களம். அதில் கடிதம் எழுதலாம், கதைக்க ஏலாது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. தம்புள்ளைக்கு இங்கால் ஆமி எல்லாரையும் இறக்கியது. ஒரு பொடியன் எங்கே போகிறாய் என்று அதட்டிக் கேட்டான். நான் நிமிர்ந்து நின்று, "கனம் ஐயா, தங்களின் விசாரணை தொடர்பாக, எனது மகளை உயர்கல்வியின் பொருட்டுப் பேராதனையில் சேர்ப்பிக்கும் நோக்குடன் பயணிக்கிறேன் என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். பொடியன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு நேராக நின்றான். கொழும்பில் இருந்து யாரோ பெரியவர் பரிசோதிக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பூரணியின் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டுவந்து பஸ்ஸில் வைத்தான். பிள்ளை கண்டி வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்டியில் தேத்தண்ணிக் கடையிலும் அதே சிங்களத்தில் ஒரு தேத்தண்ணி வேண்டிக்கொண்டேன். முதலாளி எழும்பி வந்து தன் கையாலேயே தந்தார்.

பதினோராம் திகதி பூரணி சேர்ந்துவிட்டாள். விடுதி அறையில் மாத்தறைப் பிள்ளை ஒன்றும் வவுனியாப் பிள்ளை ஒன்றும். நான் வாசலில் நின்று அழப்போக, "அப்பா, பஸ் போயிடும்" என்று என்னைத் துரத்திவிட்டாள்.

திரும்பித் தனியே வந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த ரோட்டில் நான் தனியே வந்தேன், பாக்கியம்.

நீ எங்கே இருக்கிறாய் என்று உடனே எழுது.

அண்ணன்


திருக்கோணமலை
25.10.1993

அன்பு பாக்கியம்,

நீ மனாங்கில் இருந்து எழுதியது இன்றைக்குத்தான் வந்தது. உயிரோடு இருக்கிறாய். நல்லம்மா உடனே கோயிலுக்குப் போய்விட்டாள். என் போன கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும், ஆனபடியால் பிள்ளையைப் பற்றி நீ இனி அழத் தேவையில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல்தரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நான்தான் வென்றேன் என்று ஸெய்னுதீனிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார், "திகதி போட்டு அந்தப் பிள்ளைய ஓட ஓட விரட்டினது ஆர்? அதில என்ன வெற்றி கிடக்கு?" வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். விடுதிக்காரி உன்னைத் தங்கச் சொல்லியிருக்கிறாள். நீ என் பதினோராம் திகதிக்காக ஓடியிருக்கிறாய். உன்னைத் தோற்கடித்தது மலை இல்லை, நான்.

இருந்தாலும் பந்தயம் பந்தயம்தான். நீ கடக்கவில்லை. ஆகவே நீ தோற்றாய், நான் வென்றேன். தோற்றவர் வென்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும். என் கட்டளை இது: மறுபடி போய் ஏறு.

இந்த முறை திகதி இல்லை. தந்தி இல்லை. தங்கச் சொன்ன இடத்தில் தங்கு. தலை இடித்தால் இறங்கு, தெளிந்தால் ஏறு. உன் விடுமுறை டிசம்பர் வரைக்கும் கிடக்கிறது. சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவா போனாய்? குளம் பார்க்க வேண்டுமென்றால் கந்தளாயிலேயே பார்த்திருக்கலாம். கடக்காமல் வந்தால் படலையைத் திறக்கமாட்டேன்.

பூரணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்கக் கணக்குப் பாடத்தைப் பற்றி. கடைசியில் ஒரு வரி: "மாமி ஏறிவிட்டாவா?" என்ன எழுத என்று தெரியாமல் பதிலை நிறுத்திவைத்திருக்கிறேன்.

அண்ணன்


முக்திநாத்
22.11.1993

என்ர அண்ணா,

பூரணிக்கு இப்போது எழுதலாம். மாமி ஏறிவிட்டா.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பொக்காராத் தபாற்கந்தோரிலேயே வாசித்தேன். முதலாவதுக்கு அழுதேன். இரண்டாவதுக்கு அங்கேயே இருந்து சிரித்த சிரிப்பில், முத்திரை விற்கிறவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அடுத்த நாளே புது அனுமதிச்சீட்டுக்குப் போய் நின்றேன்.

இந்தப் பாதையில் இடைக்கிடை பொலிஸ் சாவடிகள் உண்டு. சீட்டைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். போன முறை ஓடிய ஓட்டத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை. இந்த முறை ஒரு சாவடியில் வெள்ளைக்காரர் கூட்டம் ஒன்று பத்து நிமிடம் நின்றதற்கே கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவனுக்குச் சீட்டைக் காணவில்லை, ஒருத்தி சிவந்துபோய் இது என்ன அநியாயம் என்று கத்துகிறாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஒன்றும் பழக்கமில்லாத பிள்ளைகள். நான் அவர்களை வரிசையில் நிறுத்தினேன். சீட்டை வலது கையில் பிடி, படம் தெரியப் பிடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், சிரிக்காதே, முறைக்காதே, அவசரம் என்று காட்டிக்கொள்ளாதே. எல்லாரும் ஒரு நொடியில் வெளியே. அன்றிலிருந்து எனக்கு அவர்கள் வைத்த பெயர் "கப்டன்". இந்தச் சனியன் பிடித்த யுத்தம் எனக்குக் கற்றுத்தந்த ஒரேயொரு கலை இதுதான். உலகத்தில் இதுவும் ஒரு படிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மனாங்கில் தங்கினேன். விடுதிக்காரி சூப் காய்ச்சித் தந்தாள், நான் அதில் மச்சாளின் மிளகாய்த்தூளைப் போட்டேன், அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணீரோடு இன்னொரு கோப்பை கேட்டாள். நன்றாக நித்திரை கொண்டேன். மேலே ஏறும்போது நிறைமாதக்காரி கோயில்படி ஏறுகிற மாதிரி ஒரு அடி, ஒரு மூச்சு. எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். எனக்குத் திகதி இல்லையே.

உச்சியில் ஒரு கற்குவியல், கொடிகள், காற்று. வேறொன்றும் இல்லை. முன்னால் போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார்கள். "கப்டன், கப்டன்" என்று கத்தினார்கள். நான் கற்குவியலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்த மாதிரி அழுதேன். வெட்கமே இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக வெண்கட்டியால் கீறிய மலை, அண்ணா. அதன் மேல் நான் நின்றேன். வாய்விட்டுப் பூரணியின் பெயரைச் சொன்னேன், மச்சாளின் பெயரைச் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன், முதலெழுத்தோடு சேர்த்து, கந்தோரில் சொல்கிற மாதிரி.

இறங்கி வந்து இந்தக் கோயிலில் நூற்றெட்டுத் தாரையிலும் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் ஐஸ். பல்லுக் கிட்டி அரைமணி நேரம் பேச்சு வரவில்லை. உங்களுக்குப் பிடித்த தங்கச்சியாக அந்த அரைமணி நேரம் இருந்தேன்.

ஒருவன் தன்னிடம் தோற்றவளைப் பிடித்து மறுபடி மலையில் ஏற்றிவிட்டதாக நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. படலையடியில் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன். அதை ஸெய்னுதீன் நானாவுக்குக் கேட்கச் சொன்னேன். இப்போது அவருக்குக் கேட்கச் சொல்கிறேன், அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

டிசம்பர் எட்டாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். நேரே வீட்டுக்கு வரமாட்டேன். கண்டிக்குப் போய்ப் பூரணியைப் பார்ப்பேன். பத்தாம் திகதி மத்தியானம் நானும் அவளும் கண்டி பஸ் நிலையத்தில் நிற்போம். நீங்கள் மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். யாரையும் துணைக்குக் கேட்க வேண்டாம், வழி உங்களுக்குத் தெரியும்.

பாக்கியம்